கதவில் ஒட்டிய 440

அத்தியாயம் 7

கொரீன் லாஸ்கியின் வீட்டுக் கதவில், கிறிஸ்துமஸ் வளையம் தொங்கவேண்டிய ஆணிக்குச் சற்றுக் கீழே, அந்த எண் ஒட்டப்பட்டிருந்தது. 440. கறுப்பு உலோகம், ஓரத்தில் சிவப்புக் கோடு, ஒரு கையளவு நீளம். அதுவே ஒரு காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருந்திருந்தால் ஆண்கள் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஒரு பெண் தனியாக வசிக்கும் வீட்டின் கதவில் இருந்ததால் நான் இரண்டு படி கீழே இறங்கி நின்றேன்.

“ஏன் கீழ போற?” என்றார் வெர்னா பிக்கெட்.

“இங்கேருந்து பார்த்தா நல்லா தெரியுது மேடம்.”

“ஓடறதுக்கும் வசதி.”

“அதுக்கும்தான்.”

வெர்னா பிக்கெட் பல வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பொறுக்கி எடுத்தவர். தீயில் எரிந்த வீட்டைவிட, எரிவதற்கு முந்தின நாள் வெளியே போன டிவியைத்தான் முதலில் விசாரிப்பார். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் மிலோ நோவாக், அவருடைய உதவியாளன். வேன் ஓட்டுவது, காபி வாங்குவது, அவருக்கும் சேர்த்துப் பயப்படுவது ஆகியவை என் பொறுப்பு. மூன்றாவதில் எனக்கு விடுமுறை கிடைத்ததே இல்லை.

உள்ளே ஒரு பூட்டு கனமாகத் திரும்பியது. கதவு ஒரு விரல் அளவு திறந்து, கொரீனின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் முதலில் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்த்தது.

“சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?” என்றாள்.

“பனி அள்ளுற லாரிச் சத்தம்தான்மா,” என்றார் வெர்னா. “உள்ள வரலாமா?”

கொரீனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வுட்வர்ட் சாலையில் ஒரு கோனி ஹாட்டாக் கடையில் காலைச் சாப்பாடு பரிமாறுபவள். அக்டோபரில், கார்ப் பிரியர்கள் வருடத்தின் கடைசி ஊர்வலம் விட்ட ஞாயிற்றுக்கிழமை, அவளோடு வேலைசெய்த ரோண்டா சாலையைக் கடக்கும்போது ஒரு கெஸ்ட்ரல் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. ரோண்டா அங்கேயே முடிந்துபோனாள். குப்பை கொட்ட வெளியே வந்திருந்த கொரீன் பார்த்தது மூன்று விஷயங்கள்: கம்பளித் தொப்பி, தொப்பிக்குக் கீழே ஒரு தாடை, கடை விளக்கில் மின்னிய 440.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை அவள் தெருவில் ஒரு கார் வந்து நிற்கிறது. விளக்கு கிடையாது. கொஞ்ச நேரம் உறுமுகிறது. போய்விடுகிறது.

“திரையை விலக்கிப் பாருங்களேன்னு போலீஸ்ல சொல்றாங்க,” என்றாள் கொரீன். “அவங்க வந்து விலக்கட்டும். நான் குளியல் தொட்டிக்குள்ள படுத்துக்கிறேன். காது ரெண்டையும் பொத்திக்கிட்டாலும் பீங்கான் வழியா அந்த உறுமல் முதுகுல ஏறுது.”

“பூட்டு புதுசா?” என்றேன். கனமாக, வங்கிக் கதவுப் பூட்டு மாதிரி இருந்தது.

“போன வாரம்தான் மாத்தினேன். இன்னிக்குக் காலைல பார்த்தா கதவுல அது.” குரல் இறங்கியது. “நாளைக்கு போலீஸ்ல முகம் வரையறவரோட உட்காரணும். அந்தத் தாடை கொஞ்சம் கொஞ்சமா ஞாபகத்துக்கு வருது. எங்கயோ பார்த்த தாடை. கடைல எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சேன். எனக்கு வாய் நிக்காது.”

வெர்னா எழுந்து போய்க் கதவிலிருந்து 440-ஐ மெல்லப் பெயர்த்தெடுத்தார். திருப்பிப் பார்த்தார். பின்புறம் ஒட்டுநாடா. மேலே புதிது, அதற்கடியில் அழுக்கேறிய பழையது.

“கதவைப் பூட்டிக்குங்க. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதீங்க,” என்றார்.

“சீக்கிரம் வருவீங்களா?” அதைக் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விமான நிலையத்தில் பிள்ளையை வழியனுப்புகிறவர்கள் கேட்கிற கேள்வி அது.

*

எங்கள் வேன் பனிக்காலத்தில் கிளம்புவதற்கு முன் மூன்று முறை தும்மும். தும்மி முடித்துக் கிளம்பியது. சாலையெல்லாம் பனி உருகப் போட்ட உப்பு வெள்ளை. முன்னால் போன லாரி மேலும் உப்பைத் தூவிக்கொண்டே போனது.

“மிலோ, ஒருத்தியைப் பயமுறுத்தணும்னா நீ என்ன பண்ணுவ?”

“ஜன்னல்ல கல்லெறிவேன். செத்த எலியைப் போடுவேன். ரொம்பக் கோபம்னா எங்க மாமியாரை அனுப்புவேன்.”

“உன்னோட காரை ஊர் முழுக்கத் தேடுறாங்க. அந்தக் காரோட எண்ணைக் கழட்டி அவ கதவுல ஒட்டுவியா?”

யோசித்தேன். “மாட்டேன். நான்தான்னு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்.”

“நிஜமாவே நானூத்தி நாப்பது வச்சிருக்கிறவன் அந்த எண்ணை ஒளிச்சு வைப்பான். ‘நானூத்தி நாப்பது, நானூத்தி நாப்பது, மறந்துடாத’ன்னு கதவுல அடிச்சுச் சொல்றவன் யாரு?”

“நானூத்தி நாப்பது இல்லாதவன்,” என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கெஸ்ட்ரலில் இரண்டு சாதி. ஒன்று எட்டு சிலிண்டர் 440; எண் இன்ஜினின் அளவைச் சொல்வது. நின்ற இடத்திலேயே நிலம் நடுங்கும். மற்றது ஆறு சிலிண்டர். மளிகை வாங்கப் போவதற்கு. உடம்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆறு சிலிண்டர் வண்டிக்குத் தொழிற்சாலை எந்த எண்ணும் ஒட்டுவதில்லை, அவமானம் வேண்டாம் என்று. நிஜமான 440 எண்ணின் பின்னால் இரண்டு ஊசிகள் இருக்கும். அவை தகரத்தில் போட்ட துளைக்குள் போய் உட்காரும். கடையில் வாங்குகிறவர்கள் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்கிறார்கள்.

“போலீஸ் பதிவைப் பார்த்து நிஜமான நானூத்தி நாப்பதுகளை எல்லாம் சோதிச்சாங்க. ஒண்ணுலயும் கீறல் இல்ல,” என்றார் வெர்னா. “பதிவுல ஆறு சிலிண்டர்னு இருக்கிற வண்டியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கலை. ரோண்டாவைக் கொன்னது ஒரு பொய், மிலோ. ஒட்டுநாடா போட்டு ஒட்டின பொய்.”

“அந்தப் பொய்யை யார் வித்தாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்.”

“எல்லாருக்கும் தெரியும். வண்டியைத் திருப்பு.”

*

நமீர் யால்டாவின் சின்னக் கடை ராயல் ஓக்கில் இருக்கிறது. மூன்று சுவரிலும் எண்களும் பருந்துகளும் பாம்புகளும் மின்னல்களும் வரிசையாகத் தொங்கும். இந்த ஊர் ஆண்கள் மனைவிக்குச் செய்த துரோகத்தைப் பாதிரியாரிடம் சொல்வார்கள். பானெட்டுக்குள் இருப்பது ஆறு சிலிண்டர் என்பதை நமீரிடம் மட்டும்தான் சொல்வார்கள்.

நாங்கள் போனபோது ஒரு தாடிக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு எண்களை வைத்துத் தவித்துக்கொண்டிருந்தார்.

“நானூத்தி நாப்பதே போட்டுடலாம்னு பார்க்கிறேன். சிவப்பு ஓரம் வச்சது,” என்றார்.

“யாரு பார்க்கணும் அதை?” என்றார் நமீர்.

“என் மச்சான்.”

“மச்சானுக்குக் கார் பத்தித் தெரியுமா?”

“மெக்கானிக்.”

நமீர் 440-ஐ எடுத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். “தம்பி, பொய் சொல்றதுல ஒரு அடக்கம் வேணும். முந்நூத்தி அம்பது போடு. எவனும் ‘அப்படியா’ன்னு கேக்கமாட்டான். நானூத்தி நாப்பது போட்டா சிக்னல்ல ஒருத்தன் பக்கத்துல வந்து நின்னு உறுமுவான். பதிலுக்கு நீ உறுமணும். உன் வண்டி தும்மும். சின்னத்தைக் கொஞ்சம் கீழ இறக்கி, கதவுக் கோட்டுக்கு நேரா ஒட்டு. மேல ஒட்டினா ஆப்பிள்ல ஒட்டின காகிதம் மாதிரி இருக்கும். கறுப்புல எடு. பளபளப்பு எடுத்தா ஒட்டினதுன்னு குழந்தைகூடச் சொல்லிடும்.”

தாடிக்காரர் கண்ணில் நீர் மல்க 350-ஐ வாங்கிக்கொண்டு போனார்.

வெர்னா தன் பையிலிருந்து கொரீன் வீட்டுக் கதவில் இருந்ததை எடுத்து வைத்தார். “இது உன் கடைச் சரக்கா?”

நமீர் அதைத் தொடவில்லை. “என்னோடதுதான் அக்கா. சிவப்பு ஓரம் நான் மட்டும்தான் போடுறேன்.”

“ஆறு சிலிண்டர் வண்டிக்கு இதை யார் யார் வாங்கினாங்க?”

“அதைச் சொல்லமாட்டேன். நான் டாக்டர் மாதிரி. வர்றவன் வியாதியை வெளிய சொன்னா நாளைக்கு எவன் வருவான்?”

“டாக்டருக்காவது படிச்ச பட்டம் இருக்கு,” என்றேன்.

“செத்துப்போனவ தினமும் உனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தவ நமீர்,” என்றார் வெர்னா. “அடுத்தவளும் உனக்கு காபி ஊத்துறவதான். நாளைக்குள்ள அவளையும் முடிச்சுடுவான்.”

நமீர் கடைவாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “பேர் சொல்லமாட்டேன். பின்னால கொட்டகைக்குப் போய்ப் பாருங்க. கார்ச் சங்கத்து வண்டி எல்லாம் அங்கதான் தூங்குது. அதுல மூணுல ஒண்ணு...”

“மூணுல ஒண்ணு பொய்யா?”

“மூணுல ஒண்ணுதான் அக்கா நிஜம்.”

*

தகரத்தை அரிக்கிற முதல் உப்பு சாலையில் விழுந்ததும் வுட்வர்ட் இடிமுழக்கச் சங்கத்தார் தங்கள் கார்களைத் தூங்கவைத்துவிடுவார்கள். ஏப்ரல் மழை உப்பைக் கழுவும்வரை ஒருவரும் வெளியே எடுக்கமாட்டார்கள். கணப்பு போட்ட கொட்டகை, மிருதுவான போர்வைகள். சொந்தப் பிள்ளைகளை இவ்வளவு கவனமாக யாரும் போர்த்துவதில்லை. சனிக்கிழமைகளில் அவர்கள் அங்கே கூடி, ஓட்டமுடியாத கார்களைச் சுற்றி நின்று காபி குடிப்பார்கள். ஜாக்கெட்டின் முதுகில் இடியும் மின்னலும் தைத்திருக்கும். பெரும்பாலோருக்கு முழங்கால் வலி.

சங்கத் தலைவர் கார்ல்டன் ஹோக் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவர் பேசுவதில்லை, அறிக்கை வெளியிடுவார். நடுக் கொட்டகையில், கயிறு கட்டிய வேலிக்குள், போர்வை இல்லாமல் அவருடைய செம்மஞ்சள் கெஸ்ட்ரல் நின்றது. இரண்டு பக்கமும் 440.

“தங்கள் வருகை சங்கத்துக்குப் பெருமை,” என்று வெளியிட்டார். “ரோண்டாவின் நினைவாக நாங்கள் ஒரு நிமிடம் இன்ஜின்களை அணைத்து வைத்தோம்.”

“ஓடவே ஓடாத இன்ஜினை எப்படிங்க அணைச்சீங்க?” என்றேன். வெர்னா என் காலை மிதித்தார்.

பிறகு வெர்னா ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றார். “எல்லாரும் கேளுங்க. போலீஸுக்கு ஒரு விஷயம் உறுதியாயிடுச்சு. ரோண்டாவை இடிச்சது எட்டு சிலிண்டர் வண்டி. ஆறு சிலிண்டர்காரங்க யாருக்கும் இதுல சம்பந்தமே இல்ல. ஒட்டின எண் என்ன வேணா சொல்லட்டும். பானெட்டைத் தூக்கி, உள்ள ஆறுதான்னு காட்டுங்க, நிம்மதியா வீட்டுக்குப் போங்க. காட்டாதவங்க கொலைக் கேஸுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.”

இது முழுப்பொய் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்கிறார் என்று தெரியவில்லை.

இடிமுழக்கச் சங்கத்தார் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள்.

“எனக்கு வக்கீல் இருக்கார்,” என்றார் ஒருவர்.

“என் பானெட்டு குளிர்ல இறுகிடுச்சு. அஞ்சு வருஷமா.”

“ஜெயில்ல சாப்பாடு எப்படி இருக்கும்?” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல விசாரித்தார்.

ஹோக் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒரு கனவானின் பானெட்டை வாரன்ட் இல்லாமல் திறக்கக் கூடாது!”

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. “விடுங்க தலைவரே. யாராவது ஒருத்தன் முதல்ல வெட்கத்தை விடணும்ல.”

டேல் ரென்னர். பக்கத்துத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கூப்பிடாமலே வந்து நிற்கிற மனிதர். சாம்பல் நிற கெஸ்ட்ரலின் போர்வையை உருவி, பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஆறு சிலிண்டர், கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் எண் இல்லை; எண் இருந்த தடம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.

“நானும் நானூத்தி நாப்பதுன்னு ஒட்டிக்கிட்டுத்தான் திரிஞ்சேன்,” என்றார் டேல். குரல் தழுதழுத்தது. “அந்தப் பொண்ணு செத்த அன்னிக்கு அந்த எண்ணையே பார்க்கப் பிடிக்கலை. கழட்டி எறிஞ்சுட்டேன். ஆறு சிலிண்டர்தான், அதுக்கென்ன இப்ப? இனிமே உப்புல ஓட்டினா என்ன, சேத்துல ஓட்டினா என்ன?”

ஹோக் அவரைக் கட்டிக்கொண்டார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டேல் எல்லோர் தோளையும் தட்டிவிட்டு, அந்த வண்டியிலேயே ஏறி, உப்புச் சாலையில் போய்விட்டார்.

வெர்னா நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது.

“மிலோ, உனக்கு என்ன தோணுச்சு?”

“அழுகை வந்துச்சு மேடம்.”

“எனக்குக் குளிர் வந்துச்சு. இங்க இருக்கிறவங்களைப் பாரு. கொலைக் கேஸுக்குத் தயாரா இருக்காங்க. ஆறு சிலிண்டர்னு ஒத்துக்கத் தயாரா இல்ல. குத்தம் பண்ணாத எவனும் வாயைத் திறக்கமாட்டான், அது இவங்க சாதி வழக்கம். சிரிச்சுக்கிட்டே முன்னால வந்தா ஒருத்தனுக்கு மட்டும்தான் லாபம். அவன் வருவான்னு எதிர்பார்த்துத்தான் பொய் சொன்னேன். வந்த கையோட கிளம்புவான்னு நான் எதிர்பார்க்கலை.”

“கண்ணுக்கு முன்னால அழுத மனுஷனை...”

“தரையைப் பாரு.”

பார்த்தேன். மற்ற கார்களுக்கு அடியில் தரை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. சாம்பல் கெஸ்ட்ரல் நின்ற இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்றாக, உப்புநீர் சொட்டிக் காய்ந்த வெள்ளை வளையங்கள். முதல் உப்பு விழுந்த நாளிலிருந்து தூங்குவதாகச் சொல்லப்பட்ட வண்டி, எத்தனையோ தடவை சாலைக்குப் போய் வந்து நின்றிருந்தது.

நான் போனை எடுத்தேன். கொரீன் உடனே எடுத்தாள், குரலில் முதல்தடவையாக ஒரு நிம்மதி.

“மிலோவா? கவலைப்படாதீங்க. டேல் போன் பண்ணார். வந்துக்கிட்டே இருக்காராம். அவங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விடறேன்னார். ஷூ போட்டுக்கிட்டு இருக்கேன்.”

வெர்னா போனைப் பிடுங்கினார். “கொரீன், அவனுக்குக் கதவைத் திறக்காத.”

“டேலுக்கா? ஏன்?”

“அவன்தான்.”

கொரீன் மிகச் சிறிய குரலில் சொன்னாள்: “அந்தப் பூட்டைப் போட்டுக் குடுத்ததே அவர்தானே. கதவுச் சங்கிலி தேவையில்லைன்னு கழட்டிட்டார். இன்னொரு சாவி அவர்கிட்ட இருக்கு.”

*

911 அவசர எண்ணுக்குச் சொன்னோம். சாலையெங்கும் வழுக்கி விழுந்த வண்டிகள், முடிந்தவரை சீக்கிரம் வருகிறோம் என்றார்கள். வேன் மூன்று முறை தும்மியது. நாலாவது தும்மலோடு செத்தது.

வெர்னா கொட்டகைக்குள் திரும்ப ஓடி ஹோக்கின் எதிரில் கையை நீட்டினார். “சாவி.”

ஹோக் வாசலைக் காட்டினார். “வெளியே... உப்பு இருக்கிறதே.”

ஒரு பெண்ணின் உயிரும் ஒரு காரின் பெயின்ட்டும் அந்தக் கொட்டகையில் தராசில் நின்றன. தட்டு ஒரு கணம் ஆடியது என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். பிறகு ஹோக் வேலிக் கயிற்றை அவிழ்த்தார்.

“ஓட்டறேன்,” என்றார். இந்தத் தடவை வெளியிடவில்லை, வெறுமனே பேசினார். “ஆனா ரொம்ப வேகத்தை எதிர்பார்க்காதீங்க.”

“நானூத்தி நாப்பது வேகமா போகாதா?”

ஹோக் சங்கத்தார் பக்கம் திரும்பவில்லை. “ஆறு சிலிண்டர்தாம்மா. வாங்கினதுலேருந்தே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சற்றுமுன் வக்கீல் இருப்பதாகச் சொன்னவர் போய்க் கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தார். “ஆறும் ஓடும் தலைவரே. என்னோடதும் ஓடுது.”

ஓடியது. ஹோக் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிவப்பு விளக்குகளில் சத்தம்போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். உப்புக் கற்கள் வண்டியின் அடிவயிற்றில் ஆலங்கட்டி மாதிரி அடித்தன. நான் பின்சீட்டில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

“பின்கதவு வழியா வந்துட்டேன்,” என்று கிசுகிசுத்தாள் கொரீன். “பனி முழங்கால் வரைக்கும் இருக்கு. பக்கத்து வீட்டுல யாரும் இல்ல. சுவரோரமா நிக்கிறேன்.”

“அசையாதீங்க.”

“வண்டி வந்துடுச்சு.”

போன் வழியாக எனக்கும் கேட்டது. குளியல் தொட்டிக்குள் முதுகில் ஏறுவதாக அவள் சொன்ன அந்த உறுமல். பிறகு காலடி. பிறகு, எண்ணெய் போட்ட புதுப் பூட்டு வழுக்கித் திரும்பும் ஒலி. அதற்கப்புறம் அந்தக் குரல், குழாய் ரிப்பேருக்கு வந்தவன் மாதிரி இதமாக:

“கொரீன்? நான்தாம்மா. எங்க இருக்க கண்ணு?”

லைன் அறுந்தது.

நான் போனையே வெறித்தேன். வெர்னா முன்சீட்டில் கண்களை மூடிக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். என் வேலையை அவரே செய்ய ஆரம்பித்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கொரீனின் தெருவில் திரும்பினோம். வாசலில் கார் இல்லை. சாம்பல் கெஸ்ட்ரல் நின்றிருந்த இடத்திலிருந்து சக்கரத் தடங்கள் பின்னோக்கி வளைந்து தெருவுக்குப் போயிருந்தன. கதவு விரியத் திறந்திருந்தது. படியில் டேல் ரென்னர் நின்றிருந்தான். கம்பளித் தொப்பி, கையுறை. மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது என்னவென்று கிட்டப் போனதும் தெரிந்தது. கொட்டகையில் கார்களைப் போர்த்துகிற அந்த மிருதுவான போர்வை. மூலைக்கு மூலை நேராக மடித்திருந்தது. ஒரு ஆளைச் சுருட்டிவைக்கப் போதுமான நீளம்.

“கொரீன் எங்க?” என்றார் வெர்னா.

டேல் எங்களைப் பார்க்கவில்லை. காலியான வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்கத் துணியாத கேள்வி ஒன்று இருந்தது: வண்டியில் யாரை வைத்து, யார் ஓட்டிப் போனது?

என் கையில் போன் அதிர்ந்தது.

“மிலோ.” மூச்சு வாங்கியது. “போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல இருக்கேன். அவர் வண்டியிலதான் வந்தேன். சீட்டு சூடா இருக்கட்டும்னு இன்ஜினை ஓடவிட்டுட்டு உள்ள போனார். குளிர்காலத்துல எல்லாரும் பண்றதுதானே. அவர் உள்ள என்னைத் தேடினார், நான் வெளிய சுவரைச் சுத்தி வந்து ஏறிட்டேன். கதவு பூட்டலை.” அதன்பின் அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே, “அவர் இப்ப எங்க?”

“எங்க எதிர்லதான். படியில.”

“போலீஸ் கிளம்பிட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் அவரைவிட்டுக் கண்ணை எடுக்காதீங்க.” பல்லோடு பல் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது. “ஆறு வருஷமா தினமும் காலைல அவருக்குக் காபி ஊத்தியிருக்கேன் மிலோ. ஒரு நாள்கூட நிமிந்து அந்த மூஞ்சியைப் பார்க்கலை. நீங்களாவது பாருங்க.”

நான் அதை மற்ற இருவருக்கும் சொன்னேன். வெர்னா படிக்கு நேராகப் போய் நின்றார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றேன். ஓடுவதற்குத் தெரு வசதியாக இருந்தது, ஆனாலும் நின்றேன். ஹோக் காரைவிட்டு இறங்கி வலப்பக்கம் வந்தார்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். தொப்பியை, தாடையை, அந்த நல்ல மனிதரின் முகத்தை.

டேல் முதலில் சிரித்தான். பிறகு குளிருகிறது என்றான். பிறகு, யாராவது ஒருத்தராவது கொஞ்சம் வேறு பக்கம் பாருங்களேன் என்றான்.

நாங்கள் பார்த்துக்கொண்டேயிருந்தோம்.